வெட்டின சுருட்டும் வெட்டாத சுருட்டும்

சுருட்டு விற்கிறவனுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, வாய்தான் நிற்கும். எந்த வாய் இடப்பக்கம் கடிக்கும், எந்த வாய் பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொள்ளும், எந்த வாய் பற்றவைத்ததையே மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். பெயரைக் கேட்டால் விழிப்பேன்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பட்டறைக்குப் போகும் சாலையோரத்தில் எங்கள் கடை. பகலில் முதலாளி வல்லிபுரம் உட்காருவார், யாழ்ப்பாணத்துக்காரர். விளக்கு வைத்ததிலிருந்து காலையில் முதல் ரயில் ஊதும்வரை நான். இந்த வேலைக்கு எனக்கு என்ன தகுதி என்றால், தூக்கம் வராது என்பதுதான். ஊரில் இருந்தபோதும் வராது, கப்பலிலும் வரவில்லை, இங்கேயும் வரவில்லை. வராத தூக்கத்துக்கு ஒருவர் சம்பளம் தருகிறாரே என்று உட்கார்ந்துவிட்டேன். படிப்பு, சுருட்டுக் கட்டுகளைச் சுற்றி வருகிற பழைய பத்திரிகைத் தாள்களில் எழுத்துக் கூட்டிக் கற்றது. அதனால் எனக்குத் தெரிந்த கதைகள் எதற்கும் முடிவு கிடையாது. முடிவு வேறொரு கட்டோடு வேறொரு கடைக்குப் போயிருக்கும்.

நீங்களும் எங்காவது ஒரு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் சொல்வதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவராக இருந்தால், கீழே எழுதியிருப்பது உங்களுக்கும் நடந்திருக்கும். சரக்கு மட்டும் வேறாயிருக்கும்.

பாக்குவெட்டி

எங்கள் கடைச் சுருட்டுக்கு வாய்ப்பக்கம் இலையை முறுக்கி மூடியிருக்கும். மற்ற கடைகளில் வாங்குகிறவனே பல்லால் கடித்துத் துப்பிக்கொள்ள வேண்டும். எங்கள் கடையில் ஒரு பாக்குவெட்டி சங்கிலியில் தொங்கும். சுருட்டை எடுத்ததும் நுனியை டக்கென்று வெட்டி, கொளுத்திக்கொள்வதற்காகப் புகைந்துகொண்டிருக்கும் கயிற்றுப் பக்கமாக நீட்டுவோம். அது கடையின் மரியாதை. ஆனால் முனியாண்டிக்கு வைப்பதற்கோ, செத்துப்போனவர்களுக்குப் படைப்பதற்கோ வாங்கினால் மட்டும் வெட்டக் கூடாது. வெட்டினால் யாரோ வாய் வைத்த மாதிரி, எச்சில் ஆகிவிடும். இப்படி வாங்க வருகிறவர்கள் காரணம் சொல்ல மாட்டார்கள். “முழுசா ஒன்னு” என்பார்கள். கொடுக்கிறவனும் யாருக்கு என்று கேட்க மாட்டான்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்டவாளக் கூட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவர் தலையில் துண்டோடு வந்தார். “முழுசா ஒன்னு குடு” என்றார். பெரிய அளவுச் சுருட்டாகக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, இருப்பதிலேயே நீளமானதாகப் பார்த்து எடுத்து, புது வேலைக்காரனின் சுறுசுறுப்போடு நுனியை வெட்டி நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. கீழே விழுந்த அந்தத் துணுக்கு இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்துப்போன அவர் மகனுக்கு அன்று கருமாதி என்று பிறகுதான் தெரிந்தது. அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்: “தம்பி, அவன் வாயி இப்ப எங்க இருக்குன்னு நெனச்சு நீ வெட்டுன?”

நிலைப்படிச் சுருட்டு

பாக்கியம் ரோட்டு வேலைக்குக் கல் சுமக்கிறவள். ரயில் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் கூலி லயத்தில் குடியிருந்தாள். அவள் புருஷன் அங்கமுத்து ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போட்டவன், எங்கள் வாடிக்கைக்காரன். கொளுத்துவதற்கு முன்னால் சுருட்டைக் காதோரம் வைத்து விரலால் உருட்டிக் கேட்பான். இலை சலசலத்தால் காய்ந்தது என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். அப்படி ஒரு காது. ரப்பர் விலை விழுந்து எல்லா இடத்திலும் ஆட்களைக் குறைத்தபோது அவனுக்கும் சீட்டுக் கிழிந்தது. பலபேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். இவன் போக மாட்டேன் என்றான். “வடக்க எங்கயாச்சும் வேலை இருக்கும், பாத்துட்டு ஆளனுப்புறேன்” என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டுப் போனான். ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

கல் வேலை விட்டதும், கையில் அந்தத் தூசி போகாமலே, மாதம் ஒரு தடவை அவள் கடைக்கு வருவாள். அவன் குடிக்கிற அதே கறுப்புச் சுருட்டு, கோடாச் சாற்றில் ஊறிக் கருப்பட்டி மணக்கிற யாழ்ப்பாணச் சரக்கு, ஒன்றே ஒன்று வாங்குவாள். கதவு நிலைக்கு மேலே அதை வைத்துவிடுவாள். அவனுக்கு வேலையிலிருந்து வந்ததும் நிலைப்படியில் உட்கார்ந்து ஒரு சுருட்டுக் குடித்தால்தான் பேச்சே வருமாம். இந்த ஊர் ஈரத்தில் மாதத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். பழையதை உதிர்த்து அவன் வேட்டி மடிப்பில் பூச்சி வராமலிருக்கப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வைப்பாள். அமாவாசையன்று மட்டும் எங்கள் கடைப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டாள். அன்றைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முழுசு கேட்கிறவர்கள்.

வைத்திருக்கப் போகிற சுருட்டுத்தானே, வெட்டினால் சீக்கிரம் காய்ந்துவிடுமே, அப்படியே கொண்டுபோயேன் என்று ஒரு தடவை யோசனை சொன்னேன். பாக்குவெட்டியை அவளே எடுத்து என் கையில் வைத்தாள். “வந்து நிக்கறவரு கத்தியத் தேடிக்கிட்டா இருப்பாரு? வெட்டியே குடுங்கண்ணே!”

வாளிக்காரர்

வீடுகளின் பின்பக்கச் சந்துகளில் புகுந்து மல வாளி எடுக்கிறவர் கதிரய்யா. கடையில் இருப்பதிலேயே காரமான சுருட்டுத்தான் வாங்குவார். ஆஸ்பத்திரியில் பிணம் தூக்குகிறவர்களும் அதைத்தான் வாங்குவார்கள். துரைமார் விருந்து முடிந்து சுகத்துக்குச் சுருட்டுக் குடிப்பார்களாம். நம்மில் பாதிப்பேர் மூக்கை மூடத்தான் குடிக்கிறோம்.

கதிரய்யா கடைக்கு முன்னால் நிற்க மாட்டார், பக்கவாட்டில் நிற்பார். நெருப்புக் கயிற்றைத் தொட மாட்டார். எப்போதோ தொட்டதற்கு யாரோ ஒருவன் கயிற்றையே அறுத்துச் சாக்கடையில் எறிந்தானாம். அதனால் சிரட்டையில் தன் சொந்த நெருப்பைக் கொண்டுவருவார். நான் எத்தனை சொல்லியும், “உங்களுக்கு வியாபாரம் கெட்டுப் போயிரும் சாமி” என்பார். சாமி என்று என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தம்பி என்றார். கயிற்றை மட்டும் தொடவேயில்லை.

பிறகு அவர் மருமகன் செமினிப் பக்கம் தோட்டத்தில் நல்ல இடத்தில் இருக்கிறான் என்று மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனான். வாளியை விட்டு ரொம்ப நாளானபின் ஒருநாள் மாலையில் வந்தார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. அப்போதும் பக்கவாட்டில்தான் நின்றார். இனிமேல் எதற்கு இந்தக் கார வகை, நெஞ்சைக் கெடுக்கும், திருச்சிச் சரக்கு இலேசாக இருக்கும், தரட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். பழையதையே கை காட்டினார். “வேலைய நான் விட்டுட்டேன் தம்பி, மூக்கு இன்னும் வேலைக்குப் போயிக்கிட்டுத்தான் இருக்கு.”

காகித வளையம்

புகையிலை நம் ஊர்ச் செடியே அல்ல என்று ஒரு கிழிந்த தாளில் படித்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ தீவுகளில் ஆட்கள் இலையைச் சுருட்டிக் கொளுத்தி வாயில் வைத்திருந்ததை ஸ்பெயின் கப்பல்காரர்கள் பார்த்தார்களாம். அப்புறம் போர்த்துக்கீசியர் அதை நம் கரையில் இறக்கினார்கள். நாம் சுருட்டினோம், சுருட்டு என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரையே வெள்ளைக்காரன் ‘செரூட்’ என்று எடுத்துக்கொண்டான். தாள் அதோடு கிழிந்திருந்தது. ஆனாலும் எங்கள் ஊர்ச் சொல்லைத் துரை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ரயில் ஆபீசில் கிளார்க்காக இருந்த கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். முதலாளியின் ஊர்ப்பக்கம். ஆபீசில் சிகரெட் குடிப்பார், அது வேஷம். இருட்டினபின் எங்கள் கடைக்குப் பின்பக்கம் வந்து நின்று சுருட்டுக் குடிப்பார், அது உயிர். சுருட்டு வாடையோடு ஆபீசுக்குப் போனால் கூலி என்று நினைப்பார்கள் என்று கோட்டைக் கழற்றிக் கடைச் சுவர் முளையில் மாட்டிவிட்டுத்தான் கொளுத்துவார். அவருக்கு வேலை முடிகிற காலம் வந்தது. ஆபீசில் தேநீர் விருந்து, பெரிய துரையும் வருகிறார் என்றார். துரை வீட்டுக் குசினியில் வேலை பார்க்கும் ஒருவன் எங்கள் வாடிக்கை. அவன் எச்சில் தட்டில் கிடந்த சீமைச் சுருட்டின் சிவப்புக் காகித வளையம் ஒன்றைக் காட்டுவதற்காக என்னிடம் கொண்டுவந்து வைத்திருந்தான். கந்தையா அதை விரலில் போட்டுப் பார்த்தார். கழற்றி, எங்கள் யாழ்ப்பாணச் சுருட்டு ஒன்றில் மாட்டினார். அளவெடுத்துச் செய்த மாதிரி நின்றது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விருந்து முடிந்த இரவு அவரே வந்து சொன்னார்: எல்லோருக்கும் முன்னால் அதை எடுத்துக் கொளுத்தினாராம். பெரிய துரை பக்கத்தில் வந்து மூக்கால் இழுத்து, நல்ல மணிலாச் சரக்கு, உனக்கு ரசனை இருக்கிறது என்று தோளில் தட்டினாராம். சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் முளையில் கோட்டை மாட்டவில்லை. இனி வாடைக்குப் பயப்பட ஆபீஸ் இல்லை. வளையத்தைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார். “சேவைக்காலம் முழுக்க இதைத்தான் ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சனான் தம்பி. ஒரு கடதாசித் துண்டு போதுமெண்டு ஆர் கண்டது?”

சாமி இறங்கிப் போனபின்

ரயில் பாதையோரம் அரசமரத்தடி முனியாண்டிக்கு ஒரு பூசாரி. அருள் வந்தால் சுருட்டு மேல் சுருட்டாக ஊதித் தள்ளுவார், கண் சிவக்கும், ஒரு இருமல் வராது. அருள் இல்லாத நாளில் என் கடைப் புகைக்கே மூச்சு முட்டும். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, சுருட்டை வாயில் வைத்தால் பிழைக்க மாட்டாய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் சுருட்டுக் குடிக்காத முனியாண்டியிடம் எவன் குறி கேட்பான்?

திருவிழாவுக்கு முந்தின மாலை, முழுசாக ஒரு கட்டு வாங்க வந்தார். இந்த வருஷம் வேறு யாருக்காவது சாமி வரக் கூடாதா என்று கேட்டேன். கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: “சாமிக்கு நெஞ்சு வலிக்கிறதில்ல தம்பி. அது எறங்கிப் போன பொறவு எனக்குத்தான் வலிக்குது.”

முதலாளியின் இரக்கம்

அங்கமுத்து போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அவனைச் சாகடித்துவிட்டது. ஒருவன் மலேரியா என்றான். ஒருவன் சயாம் எல்லையில் காட்டில் என்றான். இன்னொருவன் கண்ணால் பார்த்த மாதிரி ஆறு, வெள்ளம் என்றெல்லாம் சொன்னான். பாக்கியத்தின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. பொட்டு வைத்துக்கொண்டுதான் கல் சுமந்தாள். பின்னால் பேசுகிறவர்கள் பேசினார்கள்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். முதலாளி எழுந்து எனக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அமாவாசை என்பதால் பலகைக்கு முன்னால் கூட்டம். ஒவ்வொருவரும் முழுசு, முழுசு என்று வாங்கிப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் பாக்கியமும் நின்றாள். அவளுக்கு அது வழக்கமான மாதத் தவணை. நாள் பார்க்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். அவர் நல்ல மனுஷர். இந்தப் பெண் எத்தனை நாளைக்கு இப்படி நம்பிக்கொண்டிருக்கும், நாமாவது நல்லபடியாக முடித்துவைப்போம் என்று நினைத்திருக்க வேண்டும். கறுப்புச் சுருட்டு ஒன்றை எடுத்து, பாக்குவெட்டியைத் தொடாமல், ஒரு வெற்றிலையின்மேல் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். “காசு வேண்டாம் பிள்ளை, கொண்டு போ” என்றார்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வெட்டாத நுனியைப் பார்த்தாள். வெற்றிலையைப் பார்த்தாள். சத்தம் போடப்போகிறாள் என்று நான் பயந்தேன். சுருட்டை வெற்றிலையோடு பலகைமேல் திருப்பி வைத்தாள். “மொதலாளி, உங்க எரக்கத்த உங்க பெட்டியிலயே வச்சுக்குங்க. எனக்கு வெட்டுனது ஒன்னு குடுங்க.”

உயிரோடு இருக்கிற சேதி

ரயில்காரர்களுக்கு மைல் கணக்குக் கிடையாது, சுருட்டுக் கணக்குத்தான். பெத்தாலிங் ஒரு சுருட்டு, கிள்ளான் இன்னொரு சுருட்டு, அதற்கப்பால் துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் பாதி அணைந்துவிடும் என்பார்கள். இஞ்சினில் கரி போடும் சூசை, அங்கமுத்துவோடு ஒரே இஞ்சினில் நின்றவன், எப்போதும் சிரிப்பும் சத்தமுமாக வருவான். ஒரு விடியற்காலை வண்டியை விட்டிறங்கி வந்தவன் சத்தமில்லாமல் வந்தான். நான் வெட்டிக் கொடுத்த சுருட்டைக் கொளுத்தாமல் கையிலேயே வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் காப்பாருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறான். அங்கே தென்னந்தோட்டத்துக் கடையில் ஒருவன் சுருட்டை வாங்கிக் காதுகிட்டே வைத்து உருட்டினானாம். தாடி வைத்து, உடம்பு பருத்திருந்தாலும் அந்த உருட்டலை மறைக்க முடியுமா? “அங்கமுத்து!” என்று கூப்பிட்டதும் திரும்பிவிட்டான். அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம். தோளில் நாலைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. ஓடவில்லை, ஒளியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் எப்படி இருக்கிறது, பழைய பட்டறை இருக்கிறதா, அந்த யாழ்ப்பாணத்தார் கடைச் சரக்கு இங்கே கிடைப்பதில்லை என்றெல்லாம் விசாரித்தானாம். பாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

எதிரே லயங்களில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் கூடையும் சும்மாடுமாகக் கிளம்பிப் போனார்கள். அதில் பாக்கியமும் போனாள். எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். நீ சொல்வாயா என்று கண்ணாலேயே நான் சூசையைக் கேட்டேன். அவன் சுருட்டை என் பலகைமேல் உருட்டிவிட்டான். “செத்திருந்தான்னா சொல்லிருப்பேண்ணே. உசுரோட இருக்கான். அத எப்படிண்ணே சொல்றது?”

அமாவாசை

சூசையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. கிள்ளானும் காப்பாரும் வேறு உலகமா என்ன? கல் சுமக்கிற இடத்துக்குக் காப்பார்க்காரி ஒருத்தி புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். பாக்கியத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் தோட்டத்தில் சுருட்டைக் காதில் வைத்துக் கேட்கிற ஒரு கோட்டிக்காரன் இருக்கிறான் என்று சிரிப்புக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஆடி அமாவாசை அன்று மாலை. கடையில் கூட்டம் நெரிந்தது. முழுசுகளை எடுத்து எடுத்துக் கொடுத்து என் கை பாக்குவெட்டியையே மறந்திருந்தது. அப்போது பாக்கியம் வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலியும் இருந்தது. அமாவாசையன்று அவளை நான் அந்தப் பலகைக்கு முன்னால் பார்த்ததே இல்லை. நாளை மறந்துபோய் மறுபடியும் வந்துவிட்டாளோ என்று பதறி, யாரும் எதுவும் சொல்லிவிடுவதற்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும் என்று அவசரமாக ஒரு கறுப்புச் சுருட்டை எடுத்துப் பாக்குவெட்டிக்குள் வைத்தேன்.

“வேணாம்ணே” என்றாள். “முழுசாக் குடுங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கடைசியில் ஒரு சேதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் அவள் தோளைத் தொட்டாள். நான் மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை. காப்பாரில் இருக்கிறவன் என் கண்முன்னால் நின்றான். இந்தத் தொழிலில் யாருக்கு என்று கேட்கக் கூடாது. அத்தனை வருஷமும் நான் கேட்டதில்லை. “பாக்கியம், அவரு வந்து…” என்று இழுத்தேன்.

“தெரியும்ணே. போயிட்டுத்தான் வர்றேன்” என்றாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாலும் நிதானமாகச் சொன்னாள். நிலைக்கு மேல் இருந்த சுருட்டை எடுத்துக்கொண்டு, கிள்ளானில் இறங்கி, பஸ் பிடித்துக் காப்பாருக்குப் போயிருக்கிறாள். அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். “நான் ஒன்னும் பேசலண்ணே. சுருட்ட நீட்டுனேன். வாங்கிக் காதுகிட்ட வச்சு உருட்டிப் பாத்தாரு. அப்புறந்தான் மூஞ்சியப் பாத்தாரு. எப்ப வந்தேன்னு கேட்டாரு, சொந்தக்காரவுகளக் கேக்குற மாதிரி. அவரு மக உள்ள ஓடி அடுப்புலருந்து கொள்ளி எடுத்தாந்து குடுத்துச்சு. அழகான புள்ளண்ணே. பத்த வச்சு ரெண்டு இழுப்பு இழுத்தாரு. நல்லாருக்குன்னாரு.”

அவள் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. சுருட்டை நான் பாக்குவெட்டியிலிருந்து எடுத்தேன். நுனியில் இலேசாக அதன் கத்தித் தடம் பதிந்திருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு ஒன்று, நல்லதாகத் தேடி எடுத்தேன். முதலாளி செய்த மாதிரி வெற்றிலையில் வைக்கலாமா என்று கை போயிற்று, வைக்கவில்லை. கையிலேயே கொடுத்தேன். உயிரோடு இருக்கிறவனுக்குப் படைக்கலாமா, அவனுக்கு ஏதாவது ஆகிவிடாதா என்று என்னுடைய பாதிப் படிப்பு உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

முந்தானையில் சுருட்டை முடிந்துகொண்டே சொன்னாள்: “பயப்படாதீங்கண்ணே. காப்பார்ல இருக்கிறவரு நூறு வருசம் இருக்கட்டும். வடக்க போறேன், ஆளனுப்புறேன்னு சொல்லிட்டுப் போனாரே ஒருத்தரு, இது அவருக்கு.”

மறுநாள் அவள் வழக்கம்போலக் கூடையோடு அந்த வழியாகப் போனாள், தலையசைத்தாள். அதற்கப்புறம் சுருட்டு வாங்க வரவேயில்லை.

சுருட்டு விற்பது ஒன்றும் கஷ்டமான தொழில் இல்லை, கடை காத்துக் கண் எரிந்தவர்களே: வெட்டவா வேண்டாமா என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.